பெல்லட்டைத் துகள் என்னாதீர்

போன வாரம் மூன்றாவது முறையாக அந்தச் சொல் கண்ணில் பட்டது. "மரத்துகள்களை எரித்து வீட்டைச் சூடாக்குவது சுற்றுச்சூழலுக்கு நட்பானது" என்று ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரை. அதற்கு முன் ஒரு பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சியில் பிள்ளைகள் எழுதி வைத்திருந்த அட்டையில் பார்த்தேன். அதற்கும் முன், ஜெர்மனியில் இருக்கும் என் அக்கா மகள் அனுப்பிய, யாரோ தமிழாக்கிய ஒரு துண்டறிக்கையில். மூன்றிலும் 'பெல்லட்' என்பதற்குத் 'துகள்'. இனிமேலும் எழுதாமல் இருந்தால் அதுவே நிலைத்துவிடும் என்று தோன்றியது.

முதலில் பெல்லட் என்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். மரமில்லில் விழும் தூளையும் இழைப்புச் சுருளையும் நன்றாகக் காயவைத்து, பொடித்து, ஓட்டை போட்ட ஒரு கனத்த இரும்பு அச்சின் வழியே உருளையால் நெரித்துத் தள்ளுகிறார்கள். அந்த அழுத்தத்திலும் சூட்டிலும் மரத்துக்குள்ளேயே இருக்கும் லிக்னின் என்ற பொருள் இளகிப் பசைபோலப் பிடித்துக்கொள்கிறது. கோந்து தேவையில்லை. மறுபக்கம் நீளமாக வருவதைக் கத்தி நறுக்கிவிடும். 6 அல்லது 8 மி.மீ. கனம், அதிகம் போனால் 4 செ.மீ. நீளம். ஈரம் 10 சதவீதத்துக்குள். அன்று வெட்டிய பச்சை மரத்தில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான் என்பதை நினைத்தால் இதன் அருமை தெரியும். ஒரு கிலோவில் ஏறக்குறைய 4.8 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பம். 2 கிலோ போட்டால் 1 லிட்டர் எண்ணெய்க்குச் சமம். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்காவிலும் சுவீடனிலும் பரவி, பிறகு ஆஸ்திரியா, ஜெர்மனி என்று வீடுவீடாகப் போனது.

பெல்லட் என்ற சொல்லின் கதை சின்னது. லத்தீனில் 'பிலா' என்றால் பந்து. அது பிரெஞ்சில் 'பெலோத்' என்ற சிறு பந்தாகி, ஆங்கிலத்துக்கு வந்து பெல்லட் ஆனது. பிறகு மாத்திரை, துப்பாக்கி ரவை, கோழித் தீவனம் என்று எதையெல்லாமோ குறித்தது. இன்றைக்கு எரிக்கிற பெல்லட் பந்தாகவே இல்லை. அதனால் வேரைப் பார்த்து 'மர உருண்டை' என்று மொழிபெயர்ப்பவருக்கும் நான் உடன்பாடில்லை. சொல்லின் வேர் வேறு, கையில் இருக்கும் பொருள் வேறு. மொழிபெயர்ப்பவர் பொருளைப் பார்க்க வேண்டும்.

இப்போது 'துகள்' விஷயத்துக்கு வருவோம். துகள் என்றால் தூசி. பழந்தமிழில் யானை நடந்தாலும் தேர் ஓடினாலும் எழுவது துகள். பூவின் மகரந்தமும் துகள். குற்றம், மாசு என்றும் அதற்குப் பொருள் உண்டு. 'துகள் தீர்ந்த' என்றால் மாசு நீங்கிய. ஊதினால் பறப்பது, விரலில் ஒட்டுவது, தனித்தனியாகப் பிடித்து எண்ண முடியாதது. இயற்பியலிலும் அணுவுக்குள் இருக்கும் நுண்பொருளுக்குத்தான் துகள் என்று வைத்தார்கள். பெல்லட்டோ கையில் எடுத்து எண்ணலாம், வாளியில் கொட்டினால் சலசலவென்று சத்தம் போடும், தண்ணீரில் போட்டால் கல்போல மூழ்கும். இதில் எது துகள்?

துகளாகக் கிடந்ததை அப்படி இல்லாமல் ஆக்கத்தானே அத்தனை பெரிய இயந்திரம்? மாவைப் பிசைந்து பிழிந்து எடுத்த முறுக்கை 'மாவு' என்று யாராவது சொல்வார்களா?

எங்கள் வீட்டில் உண்மையாகவே மரத்துகளை எரித்திருக்கிறோம். பெருந்துறைப் பக்கம் நான் வளர்ந்த காலத்தில் விறகுக்குத் தட்டுப்பாடு வந்தால் மரமில்லில் இருந்து சாக்கில் தூள் வரும். அடிப்பக்கம் ஓட்டை போட்ட தகர டின்னில், நடுவில் ஒரு பாட்டிலை நிற்கவைத்து, ஓட்டை வழியாக ஒரு கட்டையைக் குறுக்கே செருகி, அம்மா தூளைப் போட்டுப் போட்டுக் குத்துவாள். பிறகு பாட்டிலையும் கட்டையையும் உருவிவிட்டுத் தீ வைத்தால் நடு ஓட்டை வழியாக மெதுவாக எரியும். அரிசி, பருப்பு எல்லாம் வெந்துவிடும். ஆனால் தூள் கொஞ்சம் ஈரமாக இருந்தாலும் புகை. சமையல்கட்டு முழுக்கப் புகை. அம்மாவின் கண் சிவந்திருக்கும். இந்த வட்டாரத்தில் ஐம்பது வயது தாண்டிய யாரிடம் 'மரத்துகள் அடுப்பு' என்றாலும் அந்த டின்னும் அந்தப் புகையும்தான் நினைவுக்கு வரும். ஜெர்மனியில் ஒரு திருகுத் தண்டு பெல்லட்டை அளந்து அளந்து உள்ளே தள்ள, மின்விசிறி காற்று கொடுக்க, கண்ணாடிக்குப் பின்னால் எரியும் அடுப்பு யாருக்குமே நினைவுக்கு வராது.

இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. காற்று மாசைப் பற்றித் தமிழில் எழுதும்போது புகையில் மிதக்கும் பொடிக்கு 'நுண்துகள்' என்கிறோம். அது நல்ல சொல், ஊன்றிவிட்ட சொல். 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் கீழும் இருக்கும் நுண்துகள்தான் நுரையீரலின் அடிவரை போகிறது. பெல்லட் அடுப்பு நல்லதா கெட்டதா என்ற பேச்சில் பாதி இந்த நுண்துகளைப் பற்றியதுதான். நான் படித்த கட்டுரையில் ஒரு வரி இப்படி இருந்தது: "துகள்களை எரிப்பதால் துகள் வெளியேற்றம் குறைகிறது." இதை நான்கு முறை படித்தேன். எழுதியவர் சொல்ல வந்தது இதுதான்: காய்ந்த, ஒரே அளவான பெல்லட்டை அளவான காற்றில் எரித்தால், கட்டை விறகை எரிப்பதைவிட நுண்துகள் மிகவும் குறைவாக வரும். உண்மைதான். எரிவாயுவோடு ஒப்பிட்டால் அதிகம் என்பதும் உண்மை. ஆனால் 6 மி.மீ. கனமுள்ள எரிபொருளுக்கும் அதைவிட 2400 மடங்கு மெல்லிய மாசுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டால் இதில் எதையும் வாசகருக்குச் சொல்ல முடியாது. நல்லதும் கெட்டதும் ஒரே சொல்லுக்குள் போய் ஒளிந்துகொள்கின்றன.

மற்ற சொற்களையும் பார்த்துவிடலாம். 'குளிகை' மாத்திரைக்குப் பொருந்தும். ஆனால் எங்கள் ஊரில் குளிகை என்றால் கை காலண்டரைத் தேடும். 'வில்லை' தட்டையானது. 'ரவை' உப்புமாவுக்கும் துப்பாக்கிக்கும் போய்விட்டது. 'கட்டி' கொஞ்சம் நெருங்கி வருகிறது. ஆனால் பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நார்த்தூளை 5 கிலோவாக அழுத்தி ஏற்றுமதி செய்வதும் கட்டி. சாயப்பட்டறைப் பாய்லரில் போடும் கை கனத்துக்கு இருக்கும் பிரிக்கெட்டுக்கு 'எரிகட்டி' என்ற நல்ல தமிழ் ஏற்கனவே இருக்கிறது. அதை இதற்கும் கொடுத்தால் இரண்டும் கலந்துவிடும்.

சரி, அப்படியானால் என்னதான் சொல்வது? இதற்கு நூலகத்துக்குப் போக வேண்டியதில்லை, மாட்டுக்கொட்டகைக்குப் போனால் போதும். தவிடு, புண்ணாக்கு, சோளம் எல்லாம் அரைத்து அழுத்திச் சின்னச் சின்னதாக நறுக்கி மூட்டையில் வரும் தீவனத்துக்கு நம் ஆட்கள் வைத்த பெயர் குச்சித் தீவனம். யாரும் குழு போட்டு உண்டாக்கிய சொல் இல்லை. முயலுக்கும் அதுதான், கோழிக்கும் அதுதான். பல்லடத்தில் பண்ணை வைத்திருப்பவரிடம் 'தீவனத் துகள்' என்று சொல்லிப் பாருங்கள். மூட்டை அடியில் தங்கும் பொடியைச் சொல்கிறீர்கள் என்று நினைப்பார். அந்தப் பொடி அதிகமாக இருந்தால் மூட்டையைத் திருப்பி அனுப்புவார். பெல்லட் வாங்கும் ஜெர்மன்காரரும் மூட்டை அடியில் தூள் அதிகமிருந்தால் அதையேதான் செய்கிறார்.

தொழிலின் வரலாறும் இதற்குத் துணை நிற்கிறது. மரத்தூளை அழுத்தும் இயந்திரம் கால்நடைத் தீவன ஆலையிலிருந்து போனதுதான். அதே அச்சு, அதே உருளை, அதே கத்தி. இயந்திரம் தீவன ஆலையிலிருந்து போயிருக்கும்போது சொல்லும் அங்கிருந்தே போவதில் என்ன தவறு?

அக்கா மகள் ஒரு சின்ன ஜாடியில் கொஞ்சம் பெல்லட் கொண்டுவந்திருந்தாள். அதைத் தீவனக் கடைக்கு எடுத்துப் போய், ஒன்றும் சொல்லாமல் கல்லாவில் இருந்தவர் முன் வைத்தேன். எடுத்துப் பார்த்தார், மோந்து பார்த்தார். "ஏனுங்க, குச்சி வாசமே இல்லீங்களே, எந்தக் கம்பெனிங்க?" என்றார். எனக்கு அதற்கு மேல் சான்று வேண்டியிருக்கவில்லை. நான்கைந்து குச்சியைத் தண்ணீரில் போட்டுவைத்தோம். கொஞ்ச நேரத்தில் ஊறி, உப்பி, பழையபடி மரத்தூளாகக் கரைந்து நின்றது. மாட்டுத் தீவனமும் வாளியில் இப்படித்தான் ஆகும்.

ஆகவே என் பரிந்துரை 'எரிகுச்சி'. எரிகட்டிக்குத் தம்பி. மரத்தில் செய்தது என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'மரத்தூள் எரிகுச்சி' என்று விரிக்கலாம். 'மரக்குச்சி' என்று மட்டும் சொல்லக் கூடாது, அது சுள்ளி. தீக்குச்சியோடு குழம்பாதா என்று அக்கா மகளே கேட்டாள். பற்றவைப்பது தீக்குச்சி அம்முணி, எரிவது எரிகுச்சி என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மூட்டை மூட்டையா வாங்கறோம்னு சொன்னா யாரும் தீப்பெட்டின்னு நினைக்க மாட்டாங்க மாமா" என்று ஒத்துக்கொண்டாள். பெல்லட் என்றே தமிழ் எழுத்தில் எழுதுபவரிடம் எனக்குச் சண்டை இல்லை. கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் புரியும் கடன்சொல், தப்பான தமிழ்ச்சொல்லைவிட நல்லது. 'துகள்' என்று எழுதுபவரிடம்தான் சண்டை.

தொடக்கத்தில் சொன்ன அந்தக் கட்டுரை வாக்கியத்தின் மற்ற பாதியையும் விட மனம் வரவில்லை. 'வீட்டைச் சூடாக்குவது' என்றால் வெயிலில் கிடக்கும் ஓட்டு வீடு நினைவுக்கு வருகிறது. குளிருக்கு இதமாக மூட்டும் தீக்குக் 'கணப்பு' என்ற சொல் இருக்கிறதே! எரிகுச்சிக் கணப்பு என்றால் எவ்வளவு நன்றாக இருக்கிறது. அப்புறம் 'சுற்றுச்சூழலுக்கு நட்பானது'. நட்பு மனிதருக்குள் இருப்பது. சூழலுக்கு ஒன்று கேடு செய்யும், அல்லது குறைவாகச் செய்யும். எவ்வளவு குறைவு, எதைவிடக் குறைவு என்று கேட்க இடம் கொடுக்காத சொல் இந்த 'நட்பு'.

கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2006 வழிகாட்டி எண்களை வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு யூனிட் வெப்பத்துக்குப் புகைபோக்கியில் வரும் கார்பன் டை ஆக்சைடு மரத்தில் ஏறக்குறைய 400 கிராம், நிலக்கரியில் 340, டீசலில் 265, எரிவாயுவில் 200. மரம்தான் முதலிடம். பிறகு எப்படி நல்லது என்கிறார்கள்? மரம் மறுபடி வளர்ந்து அதை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால். இதற்குத்தான் 'கரிம நடுநிலை' என்று ஒரு மொழிபெயர்ப்பு. நடுநிலை பஞ்சாயத்தில் நிற்பவருக்கு வேண்டியது. இங்கே நடப்பது வரவு செலவு. 'கரிமச் சமன்' என்று சொன்னால், எப்போது சமனாகும் என்ற கேள்வி தானாக எழும். மரமில்லில் எப்படியும் வீணாகி மட்கப்போகும் தூள் என்றால் சீக்கிரமே சமனாகும். முழு மரத்தை இதற்கென்றே வெட்டினால் பல பத்தாண்டுகள் கடன்தான். இங்கிலாந்தின் டிராக்ஸ் மின்நிலையம் நிலக்கரியை விட்டு எரிகுச்சிக்கு மாறியபோது இந்தச் சண்டைதான் வெடித்தது. அங்கே எரிவதில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. அக்கா மகள் வீட்டில் பழைய எண்ணெய்க் கொதிகலனை எடுத்துவிட்டு, பக்கத்து ஊர் மரமில் தூளில் செய்ததை எரிக்கிறார்கள். அது வேறு கணக்கு, எனக்கு நியாயமாகவே படுகிறது. இரண்டையும் 'நட்பு' என்ற ஒரே சொல்லில் கட்டினால் எப்படி?

நமக்கு இது வெளிநாட்டுச் செய்தி மட்டுமில்லை. அனல்மின் நிலையங்களில் நிலக்கரியோடு இப்படி அழுத்திய எரிபொருளை 5 சதவீதமாவது சேர்க்கச் சொல்லி மத்திய மின்துறை 2021 அக்டோபரில் கொள்கை வெளியிட்டது. கடலைத்தோலும் பருத்திமாரும் சோளத்தட்டும் உள்ள கொங்கு நாட்டில் நாளைக்கு விவசாயிக்குத் தமிழில் அறிவிப்பு வரும். அதில் 'உயிரித் துகள்' என்று போட்டால் அவர் என்ன நினைப்பார்? பூந்தாதா, கிருமியா?

கடைசியாக ஒன்று, என்னை உண்மையில் பயமுறுத்தியது. எரிகுச்சியைச் சேர்த்துவைக்கும் அறைக்கு நம்மிடம் 'குதிர்' என்ற அருமையான சொல் இருக்கிறது. துண்டறிக்கையில் 'துகள் கிடங்கு' என்று போட்டு, அதற்குள் இறங்கும்போது "துகள்கள் மூக்கில் ஏறாதபடி துணி கட்டிக்கொள்ளவும்" என்று எழுதியிருந்தார்கள். மூலத்தில் இருந்த எச்சரிக்கை அது இல்லை. அடைத்த குதிரில் எரிகுச்சி சும்மா கிடக்கும்போதே கார்பன் மோனாக்சைடு வெளிவிடும். நிறமில்லை, மணமில்லை, உள்ளே இறங்கியவர்கள் ஐரோப்பாவில் இறந்திருக்கிறார்கள். கதவைத் திறந்து, நன்றாகக் காற்றாடவிட்டு, வெளியே ஓர் ஆளை நிறுத்திவிட்டுத்தான் இறங்க வேண்டும். துணி அந்த வாயுவைத் தடுக்காது. தமிழாக்கியவர் மனதில் தூசி இருந்ததால் தூசிக்கு வழி சொல்லியிருக்கிறார். அக்கா மகளுக்கு அன்றிரவே போன் போட்டு, அந்தத் தாளைக் கிழித்துவிட்டு ஜெர்மன் மொழியில் இருப்பதையே படி என்று சொன்னேன்.