“எங்கப்பா கீற?”: வலைப்பக்கம் தன் முகவரியைச் சொல்வது எப்படி

கல்மண்டபத்துக்குப் பார்சல் கொண்டுவரும் பையன் வழி தவறிவிட்டால், போனில் நாம் கேட்கிற முதல் கேள்வி “எங்கப்பா கீற?” என்பதுதான். இதற்கு இரண்டு விதமாகப் பதில் வரும். “பாரிஸ் கார்னர்ல இருந்து வந்தேண்ணா, பீச் ஸ்டேஷன் தாண்டி நேரா வந்தேன், ஒரு பெட்ரோல் பங்க் வந்துச்சு, அப்புறம் ஒரு சந்துல பூந்துட்டேன்” என்பது ஒன்று. “ராயபுரம், கல்மண்டபம் பக்கம், ரெண்டாவது லேன்” என்பது இன்னொன்று. முதல் பதிலில் அவன் பட்ட பாடு தெரிகிறது. இரண்டாவதை வைத்துத்தான் நாம் செருப்பை மாட்டிக்கொண்டு போய் அவனைக் கூட்டிவர முடியும்.

இணையக் கடைகளில் பக்கத்தின் மேல் ஓரமாக, சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். ‘முகப்பு › வலை › நைலான் வலை › 40 மி.மீ. கண்’ என்பதுபோல. நீங்கள் நிற்கும் பக்கம் எதற்குள் இருக்கிறது, அது எதற்குள் இருக்கிறது என்று பெரியதிலிருந்து சிறியதாக இறங்கிவரும் வரி. நம் தபால் முகவரியைத் தலைகீழாகப் படித்தால் எப்படியோ அப்படி. இதற்குப் பெயர் பிரெட்கிரம்ப், அதாவது ரொட்டித் துணுக்கு. கிரிம் சகோதரர்கள் 1812-ல் வெளியிட்ட ஜெர்மானிய நாட்டுப்புறக் கதைகளில், காட்டில் விடப்பட்ட ஓர் அண்ணனும் தங்கையும் வீடு திரும்ப வழியெல்லாம் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே போகிறார்கள். அந்தக் கதையிலிருந்து வந்த பெயர். கதையில் முதல் தடவை கூழாங்கல் போட்டார்கள், வீடு வந்து சேர்ந்தார்கள். ரொட்டி போட்டது இரண்டாவது தடவை, அதைப் பறவைகள் தின்றுவிட்டன. தோற்றுப்போன உத்தியின் பெயரைத்தான் இந்தத் துறை பிடித்து வைத்திருக்கிறது. பெயர் சொல்வது நடந்து வந்த பாதையை, ஆனால் அந்த வரி சொல்ல வேண்டியது நிற்கும் இடத்தை. இந்தக் குழப்பம் பெயரிலேயே இருப்பதால்தானோ என்னவோ, புதிதாகக் கட்டுபவர்கள் பலரும் முதலில் இதில்தான் வழுக்குகிறார்கள். நானும்தான்.

நான் தளம் கட்டியது சென்னைக் காசிமேட்டில் வலை, கயிறு, மிதவை, ஈயக்குண்டு, படகு என்ஜின் சாமான்கள் விற்கும் ஒரு கடைக்கு. இந்தக் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த 61 நாளில்தான் வலை பின்னுவதும் என்ஜின் பிரிப்பதும் நடக்கும். கடைக்குச் சுறுசுறுப்பான காலம் அதுதான். ஒருவர் ஒரு பொருளைப் பார்த்துவிட்டு அதன் இணைப்பை வாட்ஸப்பில் தட்டிவிடுவார். அதைத் தொடுகிறவர் முகப்பு வழியாக வரமாட்டார், சுவர் ஏறிக் குதித்த மாதிரி நேராகக் கடைசி அறையில் வந்து விழுவார். அவருக்குப் ‘பின்செல்’ பொத்தானை அழுத்தினால் வாட்ஸப்தான் வரும். வந்த பாதை என்று ஒன்றும் இல்லாத அந்த மனிதருக்கு, இந்தக் கடையில் வேறு என்ன வலை இருக்கிறது என்று ஒரு படி மேலே ஏறிப் பார்க்க இருக்கும் ஒரே ஏணி அந்தச் சின்ன வரி.

சரி, அந்த வரியை எப்படி உண்டாக்குவது? பத்துப் பக்கம் உள்ள தளமென்றால் கையாலேயே எழுதிவிடலாம். ஆயிரம் பொருள் இருந்து, தினமும் ஒன்று கூடி ஒன்று குறைந்தால், வரி தானாகவே உருவாக வேண்டும். எல்லோருக்கும் முதலில் தோன்றும் குறுக்குவழி, பிரவுசரின் முகவரிப் பட்டையில் இருக்கும் யூஆர்எல்லைச் சாய்கோட்டில் வெட்டி அப்படியே காட்டிவிடுவது. ‘கடை/வலை/நைலான்-வலை/412’ என்றிருந்தால் நான்கு துண்டு, நான்கு படி. ஐந்து நிமிட வேலை.

ஆங்கிலத் தளங்களில் இது ஓரளவு ஓடும், முதல் எழுத்தைப் பெரிதாக்கினால் பார்க்கப் பெயர் மாதிரியே இருக்கும். தமிழில் நொண்டும். யூஆர்எல்லை ஆங்கில எழுத்தில் வைத்தால் வலையும் வளையும் ஒரே எழுத்துக்கூட்டல்தான், வாலையைக்கூட அப்படித்தான் எழுதுவார்கள். அந்தத் துண்டிலிருந்து சரியான தமிழ்ச் சொல்லை எந்தக் கணினியாலும் திரும்ப எடுக்க முடியாது. தமிழ் எழுத்திலேயே வைத்தால் வேறு தொல்லை. ‘கயிறு’ என்பது நமக்கு மூன்று எழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுத்து வைத்திருக்கும் யூனிகோடுக்கு ஐந்து குறி: க, ய, இகரக் கொக்கி, ற, உகரக் கொக்கி. ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். யூஆர்எல்லுக்குள் போகும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறி, இரண்டு இலக்கம் என்று மூன்றாக விரியும். ஆக மொத்தம் 45. ஒரு கயிறு இத்தனை நீளம் போகும். வெட்டிய துண்டைத் திரும்பத் தமிழாக்காமல் அப்படியே காட்டினால், வரி முழுக்கச் சதவீதக் குறியாகப் பொரிந்து கிடக்கும். அதோடு, கடைசித் துண்டான 412 பொருளின் எண். அது வாடிக்கையாளருக்கு எதையும் சொல்லாது.

அதனால் யூஆர்எல்லை வைத்து எந்த மாதிரியான பக்கம் என்று மட்டும் கண்டுபிடித்துவிட்டு, பெயரை வேறிடத்தில் கேட்க வேண்டும். எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளும் ரியாக்ட் ரூட்டர், வியூ ரூட்டர் போன்ற நிரல் தொகுப்புகளில் ஒரு வழிப்பட்டியல் இருக்கும். ‘கடை’ என்று வந்தால் இந்தப் பக்கம், ‘கடை/பிரிவு/ஏதோ ஓர் எண்’ என்று வந்தால் அந்தப் பக்கம் என்று. பொருந்திய வழிகளை மேலிருந்து கீழ்வரை வரிசையாகவே அவை கொடுத்துவிடும். ஒவ்வொரு வழியோடும் ஒரு சீட்டு ஒட்டிவைக்கலாம். ‘என் பெயர் முகப்பு’ என்று நிலையான பெயர் எழுதிய சீட்டு ஒரு வகை. ‘என் பெயரைத் தெரிந்துகொள்ள இந்த எண்ணைக் கொண்டுபோய் டேட்டாபேஸில் கேள்’ என்று எழுதியது இன்னொரு வகை. இந்த இரண்டாவது சீட்டு வந்ததும் வரி ‘டைனமிக்’ ஆகிவிடுகிறது, அதாவது அவ்வப்போது கேட்டு உருவாவதாக. தொல்லைகளும் அங்கிருந்தே தொடங்குகின்றன.

டேட்டாபேஸில் ஒவ்வொரு பிரிவுக்கும் மூன்று தகவல் போதும்: எண், பெயர், அப்பாவின் எண். நைலான் வலை 23, அதற்கு அப்பா 7. ஏழு என்பது வலை, அதற்கு அப்பா 1. ஒன்று முகப்பு, அதற்கு அப்பா இல்லை. 23-ல் தொடங்கி அப்பா அப்பாவாக ஏறிப்போய், அப்பா இல்லாதவரைத் தொட்டதும் நின்று, பட்டியலைத் திருப்பிப் போட்டால் வரி தயார். ஒவ்வொரு படிக்கும் போனிலிருந்து சர்வருக்குத் தனித்தனியாக ஆள் அனுப்பக் கூடாது. அப்பா யார் என்ற பதில் வந்த பிறகுதான் தாத்தாவைப் பற்றிக் கேட்க முடியும் என்பதால், நான்கு படி என்றால் நான்கு பயணமும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்கும். தன்னையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டு மேலே ஏறும் கேள்வியை ஒரே மூச்சில் கேட்கும் வசதி டேட்டாபேஸிடம் பேசும் எஸ்க்யூஎல் மொழியின் 1999-ஆம் ஆண்டுத் தரத்திலேயே உண்டு. டேட்டாபேஸ் மென்பொருள்களான போஸ்ட்கிரெஸ் 2009-ல் 8.4 பதிப்பிலும், மைஎஸ்க்யூஎல் 2018-ல் 8.0 பதிப்பிலும் அதைச் சேர்த்துக்கொண்டன. என்னைக் கேட்டால், பொருளின் விவரத்தை அனுப்பும்போதே அதன் முன்னோர் பட்டியலையும் சேர்த்து அனுப்பச் சொல்லிவிடுவேன். வரிக்கென்று தனிப் பயணமே தேவைப்படாது.

இந்த ஏற்றத்தில் ஒரு பள்ளம் உண்டு. கடையில் கணக்குப் பார்க்கும் தம்பி ஒருநாள் பிரிவுகளை ஒழுங்குபடுத்துகிறேன் என்று ‘வலை’யைத் தூக்கி ‘நைலான் வலை’க்குள் போட்டுவிட்டார். இப்போது 23-க்கு அப்பா 7, ஏழுக்கு அப்பா 23. அப்பா இல்லாதவரைத் தேடிப் போன என் நிரல் செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது. வலைப் பக்கங்கள் எதுவும் திறக்கவில்லை. பார்த்த எண்ணை மறுபடி பார்த்தால் நின்றுவிடு என்று இரண்டு வரி சேர்த்தேன். பிள்ளையையே தனக்கு அப்பனாகப் போட முடியாதபடி சேமிக்கும் இடத்திலும் ஒரு தடை வைத்தேன். இரண்டுமே முதல் நாளே இருந்திருக்க வேண்டியவை.

என்னை உண்மையாகவே அலைக்கழித்தது வேறொன்று. ஒருநாள் கடைக்காரர் கூப்பிட்டார். “இன்னா தம்பி, வலையைத் தொறந்தா மேல கயிறுன்னு போட்டுக்கீது?” நான் தண்டையார்பேட்டையில் வீட்டு வைஃபையில் எத்தனை தடவை திறந்தாலும் வலைக்கு வலை என்றுதான் வருகிறது. நேரில் போய், அவருடைய போனை வாங்கி, துறைமுகத்துக்குள் ஏலக்கூடத்துப் பக்கம் நின்று பார்த்தேன். சிக்னல் ஒரு கோடு வருவதும் போவதுமாக இருந்தது. அவர் செய்வது இதுதான்: முதலில் கயிறைத் தொடுவார், திறக்க நேரமாகிறது என்று பொறுமையில்லாமல் உடனே வலையைத் தொடுவார்.

உள்ளே நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். கயிறைத் தொட்டதும் ‘இதன் பெயர் என்ன’ என்று ஒரு கேள்வி கிளம்புகிறது. அரை விநாடியில் வலையைத் தொட்டதும் இன்னொரு கேள்வி கிளம்புகிறது. இந்தக் காலத்துத் தளங்களில் பல, பக்கத்தை முழுதாக மாற்றாமல் முகவரியை மட்டும் மாற்றிவிட்டு உள்ளடக்கத்தை மாற்றிக்கொள்பவை. அதனால் முதல் கேள்வி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. முதலில் கேட்டதற்குத்தான் முதலில் பதில் வரும் என்று இணையத்தில் எந்த உத்தரவாதமும் கிடையாது. வலைக்கான பதில் முந்திக்கொண்டு வந்தது, வரியில் ‘வலை’ என்று எழுதப்பட்டது. பிறகு தள்ளாடித் தள்ளாடி கயிறுக்கான பதில் வந்தது. அதைக் கேட்டவர் அந்த இடத்தைவிட்டுப் போய்விட்டார் என்பது அதற்குத் தெரியாது. வந்ததும் வரியில் தன் பெயரை எழுதிவிட்டது. வீட்டு வைஃபையில் இரண்டு பதிலும் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்துவிடுவதால் எனக்குத் தெரியவே இல்லை.

தீர்வு எளிது. புதுக் கேள்வி கிளம்பும்போதே பழைய கேள்வியை ரத்து செய்துவிட வேண்டும், பிரவுசரிலேயே அதற்கு அபார்ட் கன்ட்ரோலர் என்று ஒரு கருவி இருக்கிறது. அல்லது பதில் வந்ததும், ‘நீ எந்த எண்ணுக்கான பதில், நாம் இப்போது நிற்பது அந்த எண்ணில்தானா’ என்று வாசலில் நிறுத்திக் கேட்டுவிட்டு உள்ளே விட வேண்டும். நான் இரண்டையும் செய்தேன். பெயர் வரும்வரை அந்த இடத்தில் எண்ணைக் காட்டுவதையும் நிறுத்தினேன். ஒரு சாம்பல் பட்டை போதும். 23 என்று ஒரு கணம் மின்னிவிட்டு நைலான் வலையாக மாறுவது கண்ணை உறுத்துகிறது.

அடுத்து கயிறின் வீடு எது என்ற வழக்கு. கயிறு வலைக்கும் வேண்டும், படகைக் கட்டவும் வேண்டும். ‘வலை சாமான்’, ‘படகு சாமான்’ இரண்டிலும் அதை வைக்கச் சொன்னார் கடைக்காரர். மரத்தில் ஒரு கிளைக்கு இரண்டு அடிமரம் இருந்தால் முகவரி எதை வைத்துச் சொல்வது? எந்தப் பிரிவு வழியாக உள்ளே வந்தாரோ அதையே காட்டலாம் என்பது ஒரு கட்சி. நான் முதலில் அப்படித்தான் செய்தேன். பக்கத்தைப் புதுப்பித்தால் வரி மாறியது. வாட்ஸப்பில் அனுப்பினால் அனுப்பியவருக்கு ஒன்றும் வாங்கியவருக்கு வேறொன்றும் தெரிந்தது. பெட்ரோல் பங்க் தாண்டி வந்த பையனின் பதில்தான் இது. பேசாமல் கயிறுக்குச் சொந்த வீடு ஒன்றுதான் என்று முடிவு செய்தோம். மற்ற பிரிவில் அது விருந்தாளி. பட்டியலில் தெரியும், தொட்டால் திறக்கும், ஆனால் மேலே வரியில் சொந்த வீட்டு முகவரிதான். எது சொந்த வீடு என்பதைக் கடைக்காரரே ஒரு டீ நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: படகு.

சில்லறை விஷயங்கள் சில. வரியின் கடைசிப் பெயர் நாம் நிற்கும் பக்கமேதான் என்பதால் அதற்கு இணைப்பு வேண்டாம். இடையில் வரும் அம்புக் குறியை உள்ளடக்கத்தில் எழுதாமல், பக்கத்தின் தோற்றத்தைக் கவனிக்கும் சிஎஸ்எஸ்ஸில் அலங்காரமாகப் போட்டு, திரைவாசிப்பான் அதைப் படிக்காதபடி மறைத்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பார்வையற்றவர் காதில் ஒவ்வொரு படிக்கும் ‘கிரேட்டர் தேன், கிரேட்டர் தேன்’ என்று விழும் ஆபத்து உண்டு. தேடுபொறிக்காக இதே வரியை அது புரிந்துகொள்ளும் ஸ்கீமா என்ற குறிப்பு வடிவில் மறைவாக ஒருமுறை எழுதிவைக்கலாம். ஆனால் 2025 ஜனவரியில் கூகுள் தன் மொபைல் தேடல் முடிவுகளிலிருந்து இந்த வரியை எடுத்துவிட்டது, கணினித் திரையில் மட்டும் இன்னும் காட்டுகிறது.

போன் திரை குறுகலானது, பெயர்கள் நீளமானவை. ‘ஈயக்குண்டு கோத்த வலைக்கயிறு’ என்ற பெயரைப் 14 குறியில் வெட்டு என்று எழுதினேன். ‘ஈயக்குண்டு கோத…’ என்று நின்றது. தகரத்தின் தலையில் இருந்த புள்ளி 15-வது குறி, அது கத்திக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. பிரவுசரில் ஓடும் நிரல் மொழியான ஜாவாஸ்க்ரிப்ட் எண்ணுவது குறிகளை, நாம் எண்ணுவது எழுத்துகளை. எழுத்தாக எண்ணித் தரும் செக்மென்டர் என்ற கருவி அதிலேயே இருக்கிறது. வெட்டும் வேலையை சிஎஸ்எஸ்ஸிடம் விட்டுவிடுவது இன்னும் நிம்மதி.

போன மாதம் கடைக்காரர் ‘என்ஜின் சாமான்’ என்ற பிரிவுக்குப் பெயர் மாற்றச் சொன்னார், யூஆர்எல்லும் மாறியது. ஏற்கெனவே வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டிருக்கும் பழைய இணைப்புகள் செத்துவிடுமே என்று கேட்டார். பழைய முகவரியைக் கேட்டு வருகிறவருக்கு ‘நிரந்தரமாக இங்கே மாறிவிட்டோம்’ என்று 301 என்ற எண்ணோடு புதிய முகவரியைச் சர்வர் சொல்லிவிடும், பிரவுசர் தானே அங்கே போய்விடும் என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் கையை நீட்டித் தன் கடை வாசலைக் காட்டினார். அங்கே நீலப் பலகையில் ‘பழைய எண்’ என்று ஒன்றும், அதன் கீழே ‘புதிய எண்’ என்று ஒன்றும் எழுதியிருந்தது. “இதான?” என்றார்.