பி.எட். டீச்சர் வந்துவிட்டார் என்று நாம் கிளம்பிவிடலாமா?

பி.எட். மாணவர்கள் பயிற்சிக்கு வரும் பருவத்தில் ஆசிரியர் அறையில் ஒரு நிம்மதி தெரியும். "வகுப்பை அவங்க பாத்துக்குவாங்க, நீங்க எமிஸ் வேலையை முடிங்க" என்பார்கள் (எமிஸ் என்பது பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் அரசு இணையதளம்). வேலைப்பளு அப்படி, யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் வழிகாட்டி ஆசிரியர், அதாவது அந்த வகுப்பின் வழக்கமான ஆசிரியர், வகுப்பில் இல்லையென்றால் அங்கே நடப்பது பயிற்சி அல்ல. ஆள் இல்லாத இடத்தில் ஓர் ஆளை நிறுத்தியிருக்கிறோம், அவ்வளவுதான்.

2015-இல் பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பானபோது பள்ளிப் பயிற்சியும் நீண்டது. தேசிய ஆசிரியர் கல்விக் குழும விதிப்படி மொத்தம் குறைந்தது 20 வாரம்; அதில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில். அந்த நாட்கள் சார்ட் வரைவதிலும் சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதுவதிலும் கரைந்தால், படிப்பை நீட்டியதற்கு அர்த்தமே இல்லை.

நான் செய்வது இதுதான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு தாளில் வகுப்பின் இருக்கைகளைக் கட்டம் கட்டமாக வரைந்துகொள்வேன். பயிற்சி டீச்சர் யாரிடம் கேள்வி கேட்கிறாரோ அந்தக் கட்டத்தில் ஒரு டிக். ஏழாம் வகுப்புக்கு முழுக்கள் நடத்த வந்த ஒரு பெண், எண்கோடு வரைந்து அழகாகத்தான் விளக்கினார். "புரிஞ்சுதா?" என்றார். "புரிஞ்சுது டீச்சர்" என்று வகுப்பே கோரஸ் பாடியது. (அந்தக் கோரஸை நம்பிய ஆசிரியர் பிழைத்ததில்லை.) கரும்பலகைக்கு வந்த பையன் (-5) + 3 = -8 என்று எழுதினான். "தப்பு" என்று அழித்துவிட்டு -2 என்று அவரே எழுதினார்.

மணி அடித்ததும் தாளை மட்டும் கொடுத்தேன். டிக் எல்லாம் முன் இரண்டு வரிசையில்தான். பார்த்துவிட்டு அவரே, "பின்னாடி யாரையுமே கேக்கல இல்ல சார்?" என்றார். -8 பற்றி நான் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "அழிக்கறதுக்கு முன்னாடி, எப்படி வந்துச்சுன்னு அவன்கிட்ட கேளுங்க." மறுநாள் கேட்டார். "ஐஞ்சும் மூணும் எட்டு, மைனஸ் இருக்குல்ல, அதைப் போட்டேன்" என்றான். குழப்பம் எங்கே என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. முந்தைய நாள் எண்கோட்டை அவர் எத்தனை முறை விளக்கியிருந்தாலும் அது வெளியே வந்திருக்காது.

ஒரு நாளைக்கு ஒரு விஷயம் போதும். குரல், கரும்பலகை எழுத்து, நேரம், ஆர்வமூட்டல் என்று பத்தையும் அடுக்கினால் வீட்டுக்குப் போய் அழுவார்களே தவிர, எதையும் திருத்திக்கொள்ள மாட்டார்கள். அதைவிட முக்கியம், பாடம் நடக்கும்போது குறுக்கிடக் கூடாது. கணக்கே தப்பாகப் போனால்கூட ஒரு சிறு துண்டுச்சீட்டு போதும். பிள்ளைகள் முன்னால் "ஏம்மா, இங்க வா" என்று கூப்பிட்டால், அன்றோடு அவர் பேச்சை வகுப்பு கேட்காது. அவர்கள் எதிரில் அவரும் டீச்சர்தான்.

வகுப்பு கட்டுக்குள் வராதபோது, "இருங்க, உங்க சாரைக் கூப்பிடுறேன்" என்று சிலர் பயமுறுத்துவார்கள். சிலருக்குக் கை ஸ்கேலைத் தேடும். உடல் தண்டனைக்குக் கல்வி உரிமைச் சட்டம், 2009 பிரிவு 17-இல் தடை இருக்கிறது என்பதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. தேர்வுக்குப் படித்திருப்பார்கள், வகுப்பில் நினைவுக்கு வராது.

தலைமையாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் இரண்டு வாரத்துக்காவது வராத ஆசிரியருக்குப் பதிலாக வகுப்புக்குப் போகும் பதிலிப் பாடவேளைப் பட்டியலில் பயிற்சி ஆசிரியர் பெயரை எழுதாதீர்கள். அந்த நேரத்தில் அவர்கள் வேறு ஆசிரியர்களின் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கட்டும். தமிழ் ஐயா வகுப்பைக் கணக்கு டீச்சர் பார்க்கலாம், தவறே இல்லை.