பப்: கேளிக்கை விடுதி அன்று, புகுமனை

சென்ற வாரம் மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு பயணக் கட்டுரையில் இப்படி இரண்டு வரிகள் இருந்தன: “மழைக்கு ஒதுங்கி ஒரு கேளிக்கை விடுதிக்குள் நுழைந்தோம். ஆளுக்கொரு கோப்பை தடித்த பீர் வாங்கிக்கொண்டு இசை அமர்வை ரசித்தோம்.” இடம், அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள கால்வே நகரம். மூலத்தில் இருந்த சொற்கள் பப், ஸ்டவுட், செஷன். மூன்றும் தமிழில் வேறெதுவோ ஆகிவிட்டன. பின்னிரண்டையும் பிறகு பார்ப்போம். என்னைப் பேனா எடுக்க வைத்தது ‘கேளிக்கை விடுதி’. இந்த ஆண்டில் மட்டும் எத்தனை இடங்களில் அதை அடித்துத் திருத்தினேன் என்று எண்ணி மாளாது. செய்தியில் அதுதான், படங்களின் துணைவரிகளில் அதுதான், கதை மொழிபெயர்ப்பிலும் அதுதான். மொழிபெயர்த்த தம்பியைக் கேட்டேன். “எல்லாரும் அப்படித்தானே எழுதுறாங்க அண்ணா” என்றார்.

சொல்லின் பிறப்பில் சிக்கல் ஏதுமில்லை. பப்ளிக் ஹவுஸ் என்பதன் தலைப்பகுதிதான் பப். 17ஆம் நூற்றாண்டிலிருந்து ஆங்கிலத்தில் வழங்கிய தொடர், 19ஆம் நூற்றாண்டில் ஓரசையாகக் குறுகியது. ஹவுஸ் என்றால் வீடு. பப்ளிக் என்றால் ஊரார் எல்லாருக்கும் உரியது. அதற்கு முன்பே ஆங்கிலேயரிடம் மூன்று சொற்கள் இருந்தன. படுக்க இடமும் தந்தால் இன், திராட்சை மது விற்றால் டாவர்ன், வாற்கோதுமை மது விற்றால் ஏல்ஹவுஸ். இவற்றில் விடுதி என்ற தமிழ்ச் சொல் பொருந்துவது முதலாவதற்கு மட்டும்தான்.

ஏனென்றால் விடுதி என்பது தங்குமிடம். மாணவர் விடுதி, பயணியர் விடுதி, மகளிர் விடுதி என்று நாம் சொல்வதெல்லாம் இரவு தலைசாய்க்கும் இடங்கள். உணவு விடுதி என்று சொல்லப்போய்தான் அந்தச் சொல்லின் எல்லை அழியத் தொடங்கியது. கால்வேயில் உள்ள பப்பில் யாரும் தங்குவதில்லை. திங்கள் முதல் வியாழன் வரை இரவு 11.30 மணிக்கு ஊற்றுவதை நிறுத்திவிடுவார்கள். கையில் இருப்பதைக் குடித்து முடிக்க இன்னும் அரை மணி நேரம், பிறகு வீட்டுக்குத்தான்.

அடுத்தது கேளிக்கை. தமிழில் அந்தச் சொல்லின் நிறம் என்ன? களியாட்டம், வேடிக்கை, பொழுதைத் தொலைத்தல். ‘இரவு முழுதும் கேளிக்கை’ என்று எழுதினால் அதில் ஒரு கண்டனம் ஏறிவிடுகிறது. மங்கிய விளக்கு, அதிரும் ஒலி, நடனம் என்று வாசகர் மனத்தில் ஒரு படம் விரிகிறது. அந்தப் படம் நைட் கிளப்புக்குப் பொருந்தும். அயர்லாந்திலும் அது வேறு, பப் வேறு. வழக்கமாக மூடும் நேரம் கடந்தும் ஆட்டம் நடத்த விரும்புவோர் நீதிமன்றத்தில் தனி அனுமதி வாங்க வேண்டும். பப்புக்கோ பெற்றோரோடு பிள்ளைகள் வரலாம். இரவு 9 மணி வரை, மே முதல் செப்டம்பர் வரையான மாதங்களில் 10 மணி வரை அவர்கள் உட்கார்ந்திருக்கச் சட்டம் இடம் தருகிறது. பாட்டி ஒரு மூலையில் தேநீர் குடித்துக்கொண்டிருக்க, பேத்தி பக்கத்தில் உருளைக்கிழங்கு வறுவல் தின்னும் இடத்தைக் கேளிக்கை விடுதி என்று எழுதினால், அந்தக் குடும்பத்தைப் பற்றி நாம் தவறான செய்தி சொல்கிறோம்.

அங்கே நடப்பது பேச்சு. ஐரிஷ்காரர்கள் அதைக் கிராக் என்பார்கள். “என்ன கிராக்?” என்றால் என்ன சேதி, ஊரில் என்ன நடப்பு என்று பொருள். வடக்கு இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் அரட்டைக்கு வழங்கிய ஒரு சொல்லை ஐரிஷ் எழுத்துமுறையில் எழுதித் தமதாக்கிக்கொண்டார்கள். இதையும் ‘கேளிக்கை’ என்று மொழிபெயர்த்துப் பார்த்திருக்கிறேன். அரட்டை, ஊர்ப்பேச்சு, கலகலப்பு என்று நம்மிடம் சொல்லுக்கா பஞ்சம்?

சரி, வீடு என்ற பகுதிக்கு வருகிறேன். என் வாதத்தின் அச்சாணி இதுதான். அயர்லாந்தில் பப் உண்மையிலேயே ஒரு வீடாக இருந்தது. பல ஊர்களில் குடும்பம் மேல்தளத்தில் வாழும், கீழ்த்தளம் பப். வாசலுக்கு மேல் அந்தக் குடும்பத்தின் பெயரே பெயர்ப்பலகை. மளிகை, ஆணி, கயிறு, செருப்புத் தோல் எல்லாம் அங்கேயே கிடைத்தன. கெரி மாவட்டத்தின் டிங்கிள் ஊரில் ஃபாக்ஸி ஜான்ஸ் என்ற பப்பில் இன்றும் ஒரு பக்கம் இரும்புச் சாமான் கடை, மறுபக்கம் மது ஊற்றும் மேடை. டிப்பரரி மாவட்டத்து ஃபெதர்டில் உள்ள மெக்கார்த்திஸ், ஊராருக்கு ஈமச்சடங்கு ஏற்பாட்டையும் செய்து தரும் பப். சாவு வீட்டுக்கு வேண்டியதைச் செய்து தரும் இடத்துக்குக் கேளிக்கை என்று பெயர் வைக்க யாருக்கு மனம் வரும்?

ஐரிஷ் மொழியும் இதையே சொல்கிறது. அதில் பப்புக்கு ட்யாக் டாவர்ன்யெ என்று பெயர். ட்யாக் என்றால் வீடு. குடிக்கும் வீடு என்ற பொருளில் ட்யாக் அன் ஓல் என்றும் சொல்வார்கள். கால்வேயின் புகழ்பெற்ற இரண்டு பப்களின் பெயர்கள் டீ நாக்டன், டீ கோலி. அந்த ‘டீ’யும் ட்யாக்கின் மாற்றுவடிவம்தான். நாக்டன் வீடு, கோலி வீடு. நம் ஊரில் “முதலியார் வீட்டுக்குப் போயிட்டு வரேன்” என்பதுபோல. அக்கா மகனோடு டீ கோலிக்குப் போன மாலையில் இந்தப் பொருளை அவன்தான் எடுத்துச் சொன்னான். அன்றிலிருந்து விடுதி என்ற சொல்லை என்னால் அந்த இடத்தில் வைக்க முடியவில்லை.

மதுக்கடை ஏன் ஆகாது என்று கேட்பார்கள். கடை என்றால் வாங்கிக்கொண்டு போகும் இடம். தமிழ்நாட்டில் மதுக்கடை என்றதும் கம்பி வலைக்குப் பின்னாலிருந்து புட்டியை நீட்டும் கைதான் கண்ணில் வரும். மதுக்கூடம் சற்றுத் தேவலை. ஆனால் அது பாருக்கு உரியது. நட்சத்திர ஓட்டலின் உள்ளே இருப்பதும் மதுக்கூடம்தான். பப் தனக்கென வாசலும் பெயரும் உள்ளது.

ஈழத்துத் தமிழில் ஒரு நல்ல சொல் உண்டு: தவறணை. யாழ்ப்பாணத்தில் பிளா எனும் பனையோலைக் குவளையில் கள் வாங்கி, உட்கார்ந்து பேசிக் குடிக்கும் இடம். ஐரோப்பியர் வழியாக வந்து நாவில் உருண்டு தமிழான சொல் அது. லத்தீனின் டபெர்னா அதற்கும் மூலம், ஐரிஷ் மொழியின் டாவர்ன்யெவுக்கும் மூலம். யாழ்ப்பாணமும் கால்வேயும் ஒரே வேரில் சந்திக்கின்றன என்பதை அறிந்தபோது மனம் நிறைந்தது. ஈழத்து எழுத்தாளர் ஒருவர் பப்பைத் தவறணை என்று எழுதினால் நான் ஓர் எழுத்தையும் தொடமாட்டேன். அது மக்கள் புழங்கும் சொல், அகராதிக்காரர் சமைத்ததன்று. தமிழ்நாட்டு வாசகருக்கு மட்டும் அதில் ‘தவறு’ என்ற ஒலி முந்திக்கொண்டு கேட்கும். அங்கேதான் தயங்குகிறேன்.

என் பரிந்துரை பழைய சரக்கு. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளைச் சொல்லிக்கொண்டே வரும் பகுதியில் “பலர் புகு மனைப் பலிப் புதவின் நறவு நொடைக் கொடியோடு” என்று இரண்டு அடிகள் வருகின்றன. நறவு கள், நொடை விற்பனை. மீன் அரிந்து, இறைச்சி பொரிக்கும் ஓசை எழும் முற்றம். அதில் மணல் குவித்துப் பூச் சிதறியிருக்கிறார்கள். பலர் வந்து புகும் மனை. அதன் வாயிலில் கள் விற்பதை அறிவிக்கும் கொடி. பப்ளிக் ஹவுஸ் என்ற தொடரைப் புலவர் ஒருவரிடம் கொடுத்துத் தமிழாக்கச் சொன்னாலும் ‘பலர் புகு மனை’யைவிடத் துல்லியமாக ஒன்று கிடைக்காது. பலர் என்பது பப்ளிக், மனை என்பது ஹவுஸ். வாசலில் தொங்கும் பெயர்ப்பலகையின் வேலையை அந்தக் கொடி செய்கிறது. பலர் என்பதை விட்டுவிட்டுப் புகுமனை என்று சுருக்கலாம். பப்ளிக் ஹவுஸும் சுருங்கித்தானே பப் ஆயிற்று?

புகுமனை புரியாது என்று ஒரு நண்பர் மறுத்தார். புகு, மனை இரண்டும் பள்ளிப் பிள்ளைகள் அறிந்த சொற்கள். முதல் முறை ‘பப் எனும் புகுமனை’ என்று எழுதினால் போதும், இரண்டாம் பக்கத்தில் பழகிவிடும். அதுவும் வேண்டாம் என்றால் பப் என்றே எழுதுங்கள். இரண்டு எழுத்து, யாருக்கும் புரியும், பொய் சொல்லாது. தூய தமிழில் எழுதிய பிழையைவிடத் தமிழ் எழுத்தில் எழுதிய கடன்சொல் மொழிக்கு நல்லது என்பது என் உறுதியான கருத்து. கேளிக்கை விடுதியை ஆதரிப்பவர்கள் அதைத் தமிழ்ப்பற்று என்கிறார்கள். கேளிக்கையின் வேரான ‘கேளி’ வடமொழி என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெயர் தவறினால் செய்தியே திரிந்துவிடும். டப்ளினில் ஸ்மித்ஃபீல்ட் பகுதியில் காபிள்ஸ்டோன் என்ற பப் இருக்கிறது. மரபிசைக்குப் பேர்போனது. 2021இல் அந்த இடத்தில் ஒன்பது மாடி ஓட்டல் கட்டும் திட்டம் வந்தது. மக்கள் சவப்பெட்டி ஒன்றைச் சுமந்து தெருவில் ஊர்வலம் போனார்கள். அந்த ஆண்டு நவம்பரில் மாநகராட்சி அனுமதி மறுத்தது. இதைக் ‘கேளிக்கை விடுதியைக் காக்க மக்கள் போராட்டம்’ என்று எழுதினால், படிப்பவர் அம்மக்களைப் பற்றி என்ன நினைப்பார்? அவர்கள் அழுதது தங்கள் இசை வாழும் வீட்டுக்காக.

இனி ‘தடித்த பீர்’. ஸ்டவுட் என்பதற்கு இன்று பருமனான என்றும் பொருள் இருப்பதால் வந்த வினை. இடைக்கால ஆங்கிலத்தில் அது செருக்கு, துணிவு, வலிமை. போர்ட்டர் என்ற கறுப்பு பீரில் வலுவானதை ஸ்டவுட் போர்ட்டர் என்றார்கள், பிறகு போர்ட்டர் உதிர்ந்தது. ஆர்தர் கின்னஸ் 1759இல் டப்ளினின் செயின்ட் ஜேம்ஸ் கேட்டில் ஒரு பீர் ஆலையை ஆண்டுக்கு 45 பவுண்டு வாடகையில் 9,000 ஆண்டுக் குத்தகை எழுதிக்கொண்டவர். அவர் பெயரில் இன்று அயர்லாந்தில் ஊற்றப்படும் ஸ்டவுட்டில் ஆல்ககால் 4.2 விழுக்காடு அளவே. வலிமையும் இல்லை, தடிப்பும் இல்லை. பார்க்கத்தான் கறுப்பு, வறுத்த வாற்கோதுமை தரும் நிறம். விளக்குக்கு நேரே பிடித்தால் மாணிக்கச் சிவப்பு தெரியும். மேலே நிற்கும் வெண்ணுரைக்குக் காரணம் நைட்ரஜன். 1959இல் கின்னஸில் பணியாற்றிய மைக்கேல் ஆஷ் என்ற கணிதர் கண்ட முறை அது. முக்கால் குவளை ஊற்றி, நுரை அடங்கக் காத்திருந்து, மீதியை நிரப்புவார்கள். ஏறக்குறைய இரண்டு நிமிடம். ‘தடித்த பீர்’ என்று படித்தவருக்கு ஆறிப்போன கேழ்வரகுக் கூழ்தான் நினைவுக்கு வரும்.

இதற்குத் தமிழ்ப் பெயர் தேடுவதே வேண்டாத வேலை. பெரும்பாணாற்றுப்படையில் வீட்டில் காய்ச்சிய நெற்கள்ளுக்குத் தோப்பி என்று பெயர். தானிய மது என்ற வகையில் பீரின் உறவுதான். கருந்தோப்பி என்று ஆக்கிப் பார்த்தேன், அழகாகவே இருக்கிறது. ஆனால் இட்லியை ஆவியில் வெந்த அரிசி அடை என்று பிறர் எழுதினால் நாம் பொறுப்போமா? உணவும் குடியும் தம் பெயரோடு வரட்டும். அளவும் அப்படித்தான். பைன்ட் என்பது 568 மில்லிலிட்டர், அதைக் கோப்பை என்றால் காப்பி அளவாகிவிடும்.

செஷனுக்கு ‘இசை அமர்வு’ என்பது, நீதிமன்ற அமர்வு, கருத்தரங்க அமர்வு வரிசையில் இசையை உட்கார வைப்பது. கச்சேரியும் சரியன்று, ஏனெனில் மேடை இல்லை. நான் பார்த்த மாலையில் ஆறேழு பேர் ஒரு மேசையைச் சுற்றி, எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு ஃபிடில், ஒரு புல்லாங்குழல், கான்சர்டினா என்ற சிறு துருத்தி வாத்தியம் ஒன்று, மடியில் போரான் என்ற தோல் பறை. ஒருவர் தொடங்க, மெட்டுத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். ஒரு மெட்டு முடியுமுன் அடுத்தது பிறந்தது. யாரும் அறிவிக்கவில்லை, பேச்சும் நிற்கவில்லை. ஒரு முதியவர் கண்ணை மூடித் துணைவாத்தியம் இல்லாமல் பாடத் தொடங்கியபோதுதான் வீடே அடங்கியது. இதை இசைக்கூடல் என்று எழுதலாம். கூடுவதுதான் அங்கே முதல், இசை அதன் பின்.

தம்பிக்கு இப்படித் திருத்தி அனுப்பினேன்: “மழைக்கு ஒதுங்கி ஒரு புகுமனைக்குள் நுழைந்தோம். ஆளுக்கொரு பைன்ட் ஸ்டவுட் வாங்கிக்கொண்டு, இசைக்கூடலைக் கேட்டபடி உட்கார்ந்துவிட்டோம்.” ஸ்டவுட் என்றால் எல்லாருக்கும் தெரியுமா அண்ணா என்று கேட்டு எழுதியிருக்கிறார். ‘வெண்ணுரை போர்த்த கறுப்பு ஸ்டவுட்’ என்று மூன்று சொல் முன்னால் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.