கோதுமை வயலில் வேண்டுமென்றே விட்ட துரு

பூஞ்சையால் வந்து, இலையில் துருப்பிடித்த மாதிரிக் கொப்புளம் கிளப்பும் துருநோய் என்று கேட்டாலே கோதுமை விவசாயிக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். ஆனால் 1971-ல் ஆஸ்திரேலியாவின் அரசு ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ, கோதுமைத் துருவின் பேரினமான பக்சினியாவைச் சேர்ந்த ஒரு பூஞ்சையை இத்தாலியிலிருந்து கொண்டுவந்து, தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் கோதுமைப் பகுதியிலேயே பரவவிட்டது. பக்சினியா காண்ட்ரில்லினா என்பது அதன் பெயர். களையை ஒழிக்க இப்படிக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுபோன முதல் தாவரநோய்ப் பூஞ்சை இதுதான்.

காண்ட்ரில்லா ஜுன்சியா என்ற களைதான் இலக்கு. மத்தியதரைக்கடல் பகுதிச் செடி. பூக்கும் பருவத்தில் இலை காய்ந்துபோய்க் கம்பி மாதிரித் தண்டுகள் மட்டும் நிற்பதால் ஆஸ்திரேலியாவில் ஸ்கெலிட்டன் வீட், அதாவது எலும்புக்கூட்டுக் களை என்பார்கள். மண்ணின் ஈரத்தையும் தழைச்சத்தையும் பயிருக்கு முன்னால் உறிஞ்சிவிடும். உழுதாலும் சாகாது, அறுந்த வேர்த்துண்டு ஒவ்வொன்றும் முளைக்கும். பால் வடியும் அந்தத் தண்டுகள் அறுவடை இயந்திரத்தில் சுற்றி, அதையே நிறுத்திவிடும்.

சரி, பூஞ்சை எப்படி வேலை செய்கிறது? காற்றில் வரும் பூஞ்சையின் வித்து, அதாவது அது பரவ உதவும் தூசி போன்ற துகள், இலையில் விழுகிறது. இரவுப் பனியில் இலை சில மணிநேரம் நனைந்திருந்தால் முளைவிட்டு, இலைத்துளை வழியாக உள்ளே நுழைகிறது. செல்லைக் கொல்லாமல், அதற்குள் உறிஞ்சுறுப்பை நீட்டிச் சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது. பிறகு இலைத்தோல் வெடித்துப் பழுப்புநிறக் கொப்புளங்கள் கிளம்பும். விரலால் தொட்டால் தூளாக ஒட்டும், அத்தனையும் வித்து. கொப்புளம் வெடித்த இடங்களில் தோல் கிழிந்து நீர் வெளியேறுவதால் செடி வாடுகிறது, விதையும் குறைகிறது.

கோதுமைக்கு இது தாவாதா? தாவாது. துருப்பூஞ்சைக்கு உயிருள்ள செல்தான் சோறு. பழக்கமில்லாத செடியில் அதற்குப் பெரும்பாலும் உள்ளே நுழையவே தெரியாது. நுழைந்தாலும், அந்தச் செடி தாக்கப்பட்ட செல்லைத் தானே சாகடித்துவிடும். பூஞ்சை பட்டினி கிடந்து சாகும். இதை நம்பிக்கையின் பேரில் விட்டுவிடவில்லை. பயிர்களிலும் காண்ட்ரில்லாவின் உறவுச் செடிகளிலும் முதலில் சோதித்துப் பார்த்தார்கள். இந்தப் பொறுமையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

துரு காற்றோடு சில மாதங்களிலேயே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரவியது. குறுகிய இலை வகைக் களை பல இடங்களில் நூற்றில் ஒரு பங்காகச் சுருங்கியது.

ஆனால் ஆஸ்திரேலியாவில் இந்தக் களையில் மூன்று வகை உண்டு, குறுகிய இலை வகை அதில் ஒன்றுதான். மகரந்தச் சேர்க்கை இல்லாமலே விதை வைப்பதால் ஒவ்வொரு வகையும் அச்சு அசலாக ஒரே செடியின் நகல்கள்தான். அதனால்தான் ஒரு துருவால் ஒரு வகையைப் பெருமளவு வீழ்த்த முடிந்தது. அதே காரணத்தால்தான் மற்ற இரண்டும் தப்பின. குறுகிய இலை விட்டுப்போன இடத்தில் அவை பரவவும் செய்தன. வேறு துரு வகைகளைத் தேடி ஆய்வாளர்கள் துருக்கி வரை போனார்கள். கிடைத்ததை விட்டும் பார்த்தார்கள். முதல் துருவின் வேகம் அவற்றில் எதற்கும் இல்லை. அந்த வயல்களில் இன்றும் களைக்கொல்லியும், களையை நெருக்கி வளரும் தீவனப் பயிரான குதிரைமசாலும்தான் கைகொடுக்கின்றன.