அப்புறப்படுத்தலா, பெயர்த்து நடுதலா? ‘ரீலொகேஷன்’ என்ற சொல்லைத் துரத்திப் போனபோது

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் ஒரு டீக்கடையில் நான்கைந்து பேர் உட்கார்ந்து மனு எழுதிக்கொண்டிருந்தார்கள். வீடுகளுக்கு நடுவில் புகையைத் தள்ளிக்கொண்டு ஓடும் ஒரு பட்டறையை ஊருக்கு வெளியே கொண்டுபோகச் சொல்லி ஆட்சியருக்குப் போகிற மனு. முதல் வரியிலேயே தகராறு. ஒருவர் ‘ரீலொகேட் செய்ய வேண்டி’ என்றார், இன்னொருவர் ‘இடமாற்றம் செய்யக் கோரி’ என்றார், மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் தலையைத் தூக்காமலே, “அப்புறப்படுத்தணும்னு எழுது மக்கா, அப்பதான் உறைக்கும்” என்றார். எல்லாம் ஒண்ணுதானே என்று பேனா பிடித்திருந்தவர் என்னைப் பார்த்தார். ஒன்றில்லை என்று சொல்லிவிட்டு நான் மாட்டிக்கொண்டேன், அதனால்தான் இது.

முதலில் ‘ரீலொகேஷன்’. லத்தீனில் ‘லோகுஸ்’ என்றால் இடம், ‘ரீ’ என்றால் மறுபடி. மறுபடி ஓர் இடத்தில் வைத்தல், அவ்வளவுதான். எதை வைக்கிறோம், அது நல்லதா கெட்டதா, புது இடத்தில் யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தச் சொல்லின் கவலை இல்லை. பீரோவை ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குத் தள்ளினாலும் அதே சொல், சாயப்பட்டறையை ஓர் ஆற்றங்கரையிலிருந்து இன்னோர் ஆற்றங்கரைக்குத் தள்ளினாலும் அதே சொல்.

இதற்குத் தமிழில் பத்திரிகைகள் அதிகம் எழுதுவது ‘இடமாற்றம்’. ஆனால் நம்ம ஊரில் இடமாற்றம் என்றதும் மனதில் வருவது தாசில்தாருக்கும் வாத்தியாருக்கும் வருகிற மாற்றல் ஆர்டர்தான். அதிலேயே ஓர் உண்மை இருக்கிறது: மாற்றலாகிப் போகிறவர் தன் பழக்கவழக்கத்தையும் பெட்டியோடு சேர்த்துத்தான் கொண்டுபோகிறார். ‘இடப்பெயர்ச்சி’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். இயற்பியல் பாடத்திலும், சனிப்பெயர்ச்சி பலன் போடுகிற பக்கத்திலும் அந்தச் சொல் வசதியாகக் குடியிருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். ‘இடப்பெயர்வு’ மனிதர்களுடையது. போராலும் வெள்ளத்தாலும் வீட்டை விட்டுப் போனவர்களை இடம்பெயர்ந்தோர் என்கிறோம். ஆலையை அந்த வரிசையில் உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை. இலக்கணமும் இடிக்கிறது: பெயர்வு தானாக நடப்பது, பெயர்ப்பு ஒருவர் செய்வது. எந்த ஆலையும் தானாக எழுந்து நடந்து போவதில்லை.

சரி, எதைப் பெயர்க்கிறோம்? ‘மாசுபடுத்தும் தொழிற்சாலை’யை. இந்த மாசு என்ற சொல் ஆற்றுக்கும் காற்றுக்கும் வந்தது பின்னால்தான், அதற்கு முன் அது மனதில் இருந்தது. ‘மனத்துக்கண் மாசிலன் ஆதல் அனைத்தறன்’ என்கிறது 34-வது குறள். கறை, அழுக்கு, குற்றம் எல்லாம் அதன் பொருள். வேடிக்கை என்னவென்றால் ‘பொல்யூஷன்’ என்பதற்கு மூலமான லத்தீன் சொல்லும் தீட்டுப்படுத்துதல், கறைப்படுத்துதல் என்ற பொருளில்தான் தொடங்கியது. இரண்டு மொழியிலும் உள்ளத்து அழுக்கைச் சொன்ன சொல்தான் சாக்கடைக்கும் புகைபோக்கிக்கும் இறங்கி வந்திருக்கிறது.

மாசு என்றதும் நாகர்கோவில்காரனான எனக்கு வேறொன்றும் ஞாபகம் வரும். சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகியைக் கொஞ்சும் வரி: ‘மாசறு பொன்னே வலம்புரி முத்தே’. நாகர்கோவிலின் குப்பை பல பத்தாண்டுகளாக வந்து குவிந்து, வெயில் காலத்தில் தீப்பிடித்து ஊரையே புகையில் மூழ்கடித்த இடத்தின் பெயர் என்ன தெரியுமா? வலம்புரிவிளை. மாசறு வலம்புரியிலிருந்து மாசுறு வலம்புரிக்கு ஒரே ஓர் எழுத்துத்தான் தூரம். விளை என்பது நம் மாவட்டத்தில் மரமும் பயிரும் நிற்கிற மேட்டுத் தோட்டம், பாதி ஊர்ப்பெயர்கள் அதில்தான் முடிகின்றன. விளைய வேண்டிய இடத்துக்குத்தான் குப்பை ‘வெளியே’ என்று போனது. போனபோது அது வெளியாக இருந்திருக்கும், ஊர் வளர்ந்து அதைச் சுற்றி வீடு கட்டிக்கொண்டது.

‘ஆலை’க்கும் ஒரு கதை உண்டு. ஆதியில் ஆலை என்றால் கரும்பு பிழிகிற ஆலைதான். பட்டினப்பாலையின் தொடக்கத்திலேயே ஓர் இடம் வருகிறது: ‘கார்க் கரும்பின் கமழ் ஆலைத் தீத் தெறுவின் கவின் வாடி நீர்ச் செறுவின் நீள் நெய்தல் பூச் சாம்பும்’. கரும்பாலை மணக்கிறது, ஆனால் அதன் தீயின் வெம்மையில் பக்கத்து வயலில் தண்ணீரிலேயே நிற்கிற நெய்தல் பூ அழகு கெட்டு வாடுகிறது. இரண்டாயிரம் வருடம் பழைய பாட்டு. மணக்கிற ஆலை என்றும் சொல்லிவிட்டு, வாடுகிற பூவையும் சொல்லியிருக்கிறார் பாருங்கள், இரண்டில் ஒன்றை மறைக்கவில்லை. வேலையும் வருமானமும் வேண்டும், பூவும் வாடக்கூடாது என்ற இன்றைய சண்டை முழுக்க அந்த வரிகளுக்குள் இருக்கிறது.

ஆலைகளைக் கூட்டமாக வைக்கிற இடத்துக்குத் ‘தொழிற்பேட்டை’ என்று பெயர் வைத்தவர் யாரோ, சொல் தெரிந்தவர். பேட்டை என்றால் சந்தை கூடுகிற புறநகர். ஊரை ஒட்டி, ஆனால் ஊருக்கு வெளியே. நாகர்கோவிலுக்குக் கோணத்தில் தொழிற்பேட்டை வந்ததும் அந்தக் கணக்கில்தான். இப்போது கோணத்தில் போய் நின்று, ஊர் எங்கே முடிந்து பேட்டை எங்கே தொடங்குகிறது என்று காட்டச் சொன்னால் யாராலும் முடியாது.

குமரியில் இந்தச் சொல்லுக்கு இருக்கிற பெரிய சிக்கலே இதுதான். 2011 கணக்கெடுப்புப்படி மாவட்ட மக்களில் 100-க்கு 82 பேர் நகரப் பகுதியில் இருப்பவர்கள், சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல். கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரை பஸ்ஸில் வந்தவர்களுக்குத் தெரியும், ஓர் ஊர் முடிந்து அடுத்த ஊர் தொடங்குவதற்கு நடுவில் மூச்சு விட இடம் கிடையாது. வடக்கே மலையும் காடும், தெற்கே கடல், நடுவில் குளமும் வயலும் வாழையும் வீடும். ‘ஊருக்கு வெளியே’ என்று மனுவில் எழுதிவிடலாம். அந்த வெளி எங்கே இருக்கிறது?

இங்கேதான் பெரியவர் சொன்ன ‘அப்புறப்படுத்தல்’ வருகிறது. அ + புறம், அந்தப் பக்கம். ‘பிறகு’ என்ற பொருளிலும் அப்புறம் என்கிறோம், அதாவது அப்புறப்படுத்திவிட்டால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிற மனநிலை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் நமக்கு அப்புறம் என்பது வேறொருவருக்கு இப்புறம். கேரளத்திலிருந்து கோழிக்கழிவும் ஆஸ்பத்திரிக் கழிவும் ஏற்றிய லாரிகள் களியக்காவிளை தாண்டி ராத்திரியில் வந்து கொட்டிவிட்டுப் போகும்போது நமக்கு எவ்வளவு கோபம் வருகிறது? அங்கே அதற்குப் பெயர் அப்புறப்படுத்தல்.

அண்டி ஆபீஸ் கதையும் அப்படித்தான். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், முந்திரிப்பருப்பு ஆலையை நாங்கள் அண்டி ஆபீஸ் என்போம். மேசையும் ஃபைலும் இல்லாத ஆபீஸ். கேரளத்தில் கூலி கூடியபோது கொல்லத்து முதலாளிகள் பலர் எல்லைக்கு இப்பால் வந்து அண்டி ஆபீஸ் போட்டார்கள். கூலி குறைவு என்பதற்காக வந்தார்கள், புகைக்குப் பயந்து யாரும் வரவில்லை. ஆனால் கூலி வேலையோடு புகையும் வந்தது. கொட்டையை வறுக்கும்போது தோட்டிலிருந்து கசிகிற எண்ணெய் தோலைப் பொசுக்கும், அது எரிகிற புகை கண்ணையும் தொண்டையையும் பிடிக்கும்.

என் சித்தி கருங்கல் பக்கம் ஓர் அண்டி ஆபீசில் பதினைந்து வருடம் உடைப்பு வேலை பார்த்தாள். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உட்காருவாள், இருந்தும் விரல் நுனியெல்லாம் கறுத்து, கல்யாண வீட்டில் பந்தி பரிமாறக் கையை நீட்டக் கூச்சப்படுவாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் புகைக்காகப் புகார் கொடுக்கக் கொடுக்க, கடைசியில் முதலாளி அதை ஐந்து கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோனார். புகைபோக்கி உயரம் கூடவில்லை, வறுக்கிற முறை மாறவில்லை, சித்திக்கு இரண்டு பஸ் மாறிப் போகிற வேலைதான் கூடியது. “புகை எங்க போச்சு சித்தி?” என்று கேட்டேன். “எங்கூடத்தான் பஸ்ஸுல வந்துட்டு” என்றாள்.

இதைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமென்றால் 1996-ஐப் பார்க்க வேண்டும். அந்த ஜூலையில் டெல்லியில் 168 அபாயகரமான ஆலைகளை நவம்பர் 30-க்குள் மூடச் சொன்னது உச்ச நீதிமன்றம், வேண்டுமென்றால் டெல்லிக்கு வெளியே போய் நடத்திக்கொள்ளலாம். கூடவே போகிற தொழிலாளிக்கு ஒரு வருடச் சம்பளத்தை ‘ஷிஃப்டிங் போனஸ்’ ஆகக் கொடுக்கச் சொன்னது. இந்தச் சொல் எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் ஆலை நகரும்போது மனுசரும் நகர்கிறார் என்று ஞாபகம் வைத்திருக்கிற ஒரே சொல் இதுதான். அதே வருடக் கடைசியில் கொல்கத்தாவின் தோல் பதனிடும் ஆலைகளை நகரத்திலிருந்து பந்தலாவுக்குப் போகச் சொல்லித் தீர்ப்பு வந்தது. பந்தலா எங்கே இருக்கிறது? பின்னால் 2002-ல் ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்த கிழக்குக் கொல்கத்தா ஈரநிலத்தை ஒட்டி. நகரத்துக்கு வெளியே என்பது பல சமயம் ஈரநிலத்துக்கு உள்ளே என்றுதான் முடிகிறது. நமக்கும் சுசீந்திரம் - தேரூர் குளங்கள் 2022-ல் ராம்சார் தகுதி பெற்றிருக்கின்றன, ‘சும்மா கிடக்கிற இடம்’ தேடுகிறவர்களின் கண் முதலில் விழுவது இந்த மாதிரிக் குளத்தங்கரையில்தான்.

அதே 1996 ஆகஸ்டில் வேலூர்த் தோல் ஆலைகள் வழக்கில் வேறு மாதிரித் தீர்ப்பு. பாலாற்றைக் கெடுத்த ஆலைகளிடம் தலைக்கு 10,000 ரூபாய் அபராதம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை, கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் கட்டு இல்லையென்றால் மூடு. இங்கே பேச்சு இடத்தைப் பற்றியது இல்லை, அழுக்கைப் பற்றியது. என்னைக் கேட்டால் இதுதான் சரியான வரிசை: முதலில் அழுக்கு, பிறகு இடம்.

எல்லாவற்றையும் நகர்த்தவும் முடியாது. நம் மணவாளக்குறிச்சிக் கடல் மண்ணில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதை 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்ததே, திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிப் போன கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலை வைத்துத்தான். அந்த மண் இருக்கிற இடத்தில்தான் அதிலிருந்து கனிமம் பிரிக்கிற தொழிலும், கடற்கரையைத் தூக்கி இன்னொரு மாவட்டத்தில் வைக்க முடியாது. கயிற்றுத் தொழிலும் பாதி அப்படித்தான். கதம்பையை (தேங்காய் மட்டைதான், மேற்கே போனால் தொண்டு என்பார்கள்) மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு அழுகவைக்க வேண்டும், கிளறும்போது முட்டை அழுகிய நாற்றம் அடிக்கும், அந்தத் தண்ணீரில் மீன் நிற்காது. தண்ணீர் இருக்கிற இடத்துக்குத்தான் அது போகும், ஆகவே எந்த இடத்துக்கு மாற்றினாலும் ஒரு குளமோ காயலோ பலி. ஊறப்போடாமல் இயந்திரத்தில் நாரெடுப்பதுதான் அங்கே உண்மையான மாற்றம், இடம் மாறாமலே.

இதற்கு அளவுகோலாக ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வருவார்கள், ‘சஸ்டெய்னபிள்’. அந்தக் கருத்தின் வேர் காட்டில் இருக்கிறது. 1713-ல் சாக்சனியில் சுரங்க அதிகாரியாக இருந்த கார்லோவிட்ஸ், வெள்ளி உருக்கும் உலைகள் மரத்தையெல்லாம் தின்று தீர்ப்பதைப் பார்த்து, வளர்கிற அளவுக்கே வெட்ட வேண்டும் என்று எழுதினார். ஆலைத் தீயைப் பார்த்துப் பிறந்த கருத்து, பட்டினப்பாலைக்காரர் கேட்டால் தலையாட்டுவார். 1987-ல் ஐ.நா.வின் புருன்ட்லாண்ட் குழு அறிக்கைக்குப் பிறகு உலகம் முழுக்கப் பரவியது. தமிழில் நிலைத்த வளர்ச்சி, நீடித்த வளர்ச்சி, ஈழத்தில் பேண்தகு அபிவிருத்தி என்று பல வடிவம். எனக்குப் பிடித்தது ‘வளங்குன்றா வளர்ச்சி’. மற்றவை வளர்ச்சி நீடிப்பதைச் சொல்கின்றன, இது வளம் குறையாமல் இருப்பதைச் சொல்கிறது. புகை நீடிப்பதும் ஒரு நீடிப்புத்தானே.

அப்படியானால் ரீலொகேஷனுக்கு என்ன சொல்? கலைச்சொல்லாக வேண்டுமென்றால் ‘ஆலைப் பெயர்ப்பு’. மொழிபெயர்ப்பில் இருக்கிற அதே பெயர்ப்பு. தொல்காப்பியம் மொழிபெயர்த்தலைச் சொல்லும்போது ‘மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்’ என்கிறது, பெயர்த்தால் மட்டும் போதாது, நெறிப்படி கட்டவும் வேண்டும். பேச்சில் வேண்டுமென்றால் நம் விளைகளிலேயே சொல் இருக்கிறது: பெயர்த்து நடுதல். தென்னம்பிள்ளை வைக்கிறவரைப் பாருங்கள். பிள்ளையைப் பிடுங்குவதற்கு முன்னாலேயே மூன்றடிக்கு மூன்றடி குழியெடுத்து, மணலும் சாணமும் போட்டுத் தயாராக வைத்திருப்பார், தண்ணீர் எங்கிருந்து வரும் என்று பார்த்திருப்பார், அடுத்த மரத்துக்கு எத்தனை அடி என்று காலால் அளந்திருப்பார். பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு குழி தேடுகிறவர் யாரும் கிடையாது. ஆலை விஷயத்தில் மட்டும் பிடுங்குவது முதலில் நடக்கிறது. சுத்திகரிப்பு நிலையம், தொழிலாளிக்கு வீடு, பஸ், புது ஊர்க்காரரின் சம்மதம், இதெல்லாம் குழி. அது இல்லாமல் செய்தால் அதற்கு அப்புறப்படுத்தல் என்றே பெயர் வைப்போம், குறைந்தது பொய்யாவது இருக்காது.

இவ்வளவையும் டீக்கடையில் சொன்னேனா என்றால் இல்லை, பாதிதான் சொன்னேன், அதற்கே இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். மனுவின் முதல் வரியில் ‘பெயர்த்து அமைக்க’ என்று எழுதினோம், பெரியவரின் மனம் கோணாமல் கடைசி வரியில் ஓர் ‘அப்புறப்படுத்தி’யும் சேர்த்தோம். எங்கே கொண்டுபோய் அமைக்க வேண்டும் என்பதற்கு ஊர்ப் பெயர் எழுத ஒரு கோடு விட்டிருந்தார்கள். ஆளுக்கொரு ஊர் சொன்னார்கள், சொன்ன ஊரிலெல்லாம் அங்கே இருந்த யாருக்காவது மாமா வீடோ மகளைக் கொடுத்த வீடோ இருந்தது. மனு அந்தக் கோட்டோடேயே தபாலில் போயிருக்கிறது.