புல் விரிக்கும் முன் குழி தோண்டிப் பாருங்கள்

"டர்ஃப் போடணும் சார், சதுர அடிக்கு எவ்வளவு ஆகும்?" டர்ஃப் என்றால் செயற்கைப் புல் விரித்த விளையாட்டு மைதானம். ராமநாதபுரம் கடலோரத்திலிருந்து வரும் அழைப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றன. விலை சொல்வதற்கு முன் நான் ஒன்று கேட்பேன்: கார்த்திகையில் அந்த மனையில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கும்?

இந்த மாவட்டத்தின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. சித்திரை வெயிலில் மனையைப் பார்த்துவிட்டு முடிவெடுத்தால் இது எதுவும் கண்ணில் படாது.

அதனால் நான்கு மூலையிலும் நடுவிலும் ஆளுயரக் குழி எடுக்கச் சொல்கிறேன். உச்சிப்புளி பக்கம் தென்னந்தோப்பை ஒட்டி ஒரு மனை. மேலே இரண்டடிக்கு நல்ல மணல். "மணல் பூமிதானே, தண்ணீர் தானா இறங்கிடும்" என்றார் உரிமையாளர். குழியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். மணலுக்குக் கீழே கரும்களி; அதற்கு மேல் தண்ணீர் இறங்கவே இல்லை. மறுநாள் காலையிலும் அப்படியே நின்றது. இப்படிப்பட்ட இடத்தில் வெறும் ஜல்லி அடித்துப் புல்லை விரித்தால், அடித்தளம் ஊறி, தரை அங்கங்கே உள்வாங்கும். ஓடுகிற பிள்ளையின் கணுக்கால்தான் அதற்கு விலை கொடுக்கும். அங்கே துளையிட்ட வடிகால் குழாய்களும், 100 அடிக்கு அரையடி முதல் ஓரடி வரை வாட்டமும் கட்டாயம்.

சரி, வடிந்த தண்ணீர் எங்கே போகும்? மனையின் எல்லைகளைக் காட்டும் புலப்படத்தை வாங்கிப் பாருங்கள், ஊர்ப் பெரியவர்களிடமும் கேளுங்கள். கண்மாய்க்குப் போகும் வரத்துக்கால் மனை வழியாக ஓடினால் அதை அடைக்கவே கூடாது. வடிகால் முடிவில் வண்டல் தொட்டி ஒன்று வேண்டும். இல்லையென்றால் செயற்கைப் புல்லுக்குள் தூவும் ரப்பர் துகள் மழையோடு கடலுக்குப் போய்விடும். நம் கரைக்கு எதிரே இருப்பது மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா. இந்தத் துகள்களின் விற்பனையைப் படிப்படியாக நிறுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2023-லேயே விதி கொண்டுவந்துவிட்டது.

உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தில் தண்ணீர் எட்டும் எல்லை) 500 மீட்டருக்குள் மனை இருந்தால், கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளில் அது எந்தப் பிரிவில் வருகிறது என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பாருங்கள். கரைக்குப் பக்கத்தில் என்றால் விளக்கு வெளிச்சம் கடலைப் பார்த்து விழக்கூடாது. ஆமைக் குஞ்சுகள் வழிதவறும்.

அப்புறம் உப்புக்காற்று. வலைக் கம்பங்களை வெல்டிங், துளையெல்லாம் முடித்த பிறகு கால்வனைஸ் (துத்தநாகப் பூச்சு) செய்ய வேண்டும். வெறும் பெயின்ட் இங்கே தாங்காது. உவர் நீரில் கான்கிரீட் கலந்தால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். மைதானத்தின் நீளவாக்கு வடக்கு தெற்காக இருக்கட்டும், மாலை வெயில் கோல்கீப்பர் கண்ணில் அடிக்காது.

கொட்டேஷன் வாங்கும்போது அடித்தளம், வடிகால், புல் மூன்றுக்கும் தனித்தனியாக விலை எழுதித் தரச் சொல்லுங்கள். மொத்தமாக ஒரே தொகை போட்டிருந்தால், வடிகாலுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.