புதுத் தொட்டியில் மீன் ஏன் மிதக்கிறது?

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு முன்னறையில் நான் வைத்த முதல் மீன் தொட்டி அது. மணலைத் தெளிவு வரும்வரை கழுவினேன், குழாய்த் தண்ணீரை நிரப்பினேன், அன்று பின்னேரமே எட்டு மீன் வாங்கி விட்டேன். ஐந்தாம் நாள் காலையில் ஆறு மீன் மிதந்தன. தண்ணீரோ அடிமணல் எண்ணலாம் போலத் தெளிவு.

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வேளாண்மை செய்யும் பெரியப்பா வந்து எட்டிப் பார்த்தார். "மனே, வயல் தண்ணி சேறும் சுரியுமாக் கிடக்கு, அதுக்குள்ள மீன் துள்ளுது. இது கண்ணாடி மாதிரி இருக்கு, இதுக்குள்ள சாகுது. அப்ப பிழை ஊத்தையில இல்ல" என்றார்.

பிழை நம் கண்ணுக்குத் தெரியாத ஊத்தையில் இருந்தது. தீனியில் உள்ள புரதம் மீனின் உடலில் உடைந்து அமோனியாவாகிறது. மீன் அதில் பெரும்பகுதியைச் செவுள் வழியாகவே தண்ணீரில் விட்டுவிடுகிறது. குளத்தில் அது கரைந்து காணாமல் போகும். 50 லீற்றர் தொட்டியில் எங்கே போவது? நாளுக்கு நாள் சேர்கிறது. அமோனியாவுக்கு நிறமில்லை. அதனால்தான் தெளிந்த தண்ணீரைப் பார்த்து ஏமாந்தேன்.

தண்ணீரில் அது இரண்டு வடிவில் இருக்கிறது. ஒன்று அமோனியம், அதனால் அவ்வளவு கெடுதி இல்லை. மற்றது அமோனியாவாகவே நிற்பது, அதுதான் நஞ்சு. எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் பி.எச். அளவும் (அமிலமா காரமா என்று காட்டும் எண்) சூடும் தீர்மானிக்கின்றன. நம்மூர் வெக்கையில், 28 பாகையில், பி.எச். 7 என்றால் நூற்றில் ஒரு பங்குகூட நஞ்சு வடிவில் இராது. பி.எச். 8 ஆனால் அது ஆறு, ஏழு பங்காகிவிடும். ஒரேயொரு படி ஏறினாலே ஏறக்குறைய பத்து மடங்கு.

இங்கேதான் மணல் விஷயம் வருகிறது. கரையோரத்துக்காரருக்குக் கடல் மணலும் வாவிக்கரை மணலும் கைக்கெட்டும் தூரம். ஆனால் அவற்றில் உப்பும் இருக்கும், மட்டி, சிப்பித் தூளும் கலந்திருக்கும். சிப்பி என்பது சுண்ணாம்பு. மெல்லக் கரைந்து தண்ணீரின் கடினத்தையும் பி.எச்.சையும் ஏற்றும். ஒரு பிடி மணலில் கொஞ்சம் வினாகிரியை ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் அந்த மணல் வேண்டாம், ஆற்று மணல் தேடுங்கள்.

சரி, அமோனியாவை யார் அகற்றுவது? இரண்டு கூட்டம் பற்றீரியாக்கள். முதல் கூட்டம் அமோனியாவை நைத்திரைற்று ஆக்குகிறது. அதுவும் நஞ்சுதான், மீனின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். இரண்டாவது கூட்டம் அதை நைத்திரேற்று ஆக்குகிறது. இதன் கெடுதி மிகக் குறைவு. இந்த இரண்டாவது வேலையைச் செய்வது நைற்றோபக்டர் என்று படித்திருப்போம். நன்னீர்த் தொட்டிகளில் பெரும்பாலும் அதைச் செய்வது நைற்றோஸ்பைரா என்ற வேறொரு இனம் என்று பிறகுதான் தெரியவந்தது. எதுவானாலும் இவை சோம்பேறிகள். சாதாரணப் பற்றீரியா அரை மணித்தியாலத்துக்குள் இரட்டிப்பாகும். இவற்றுக்கு அரை நாள், ஒரு நாள் என்று போகும். தொட்டி பழக நாலு முதல் ஆறு கிழமை என்பது இதனால்தான். என் மீனுக்குக் கிடைத்ததோ ஐந்து நாள். நான் கழுவிக் கழுவி ஊற்றியதில் இருந்த கொஞ்சமும் போயிருக்கும்.

செடி இருந்தால் கதை மாறுகிறது. பெரியப்பா வயலுக்கு யூரியா எறிகிறாரே, அது மண்ணில் அமோனியமாகிறது, நெல் அதை உறிஞ்சுகிறது. தண்ணீர்ச் செடிகள் பலவும் அப்படியே. நைத்திரேற்றைவிட அமோனியத்தையே முதலில் எடுக்கும். நமக்கு நஞ்சாகத் தெரிவது அதற்குப் பசளை. ஆனால் வேகமாக வளரும் செடிதான் வேகமாக எடுக்கும். மிதக்கும் செடிகள் இதில் கெட்டிக்காரர்கள். செடி வளரத் தேவையான காபனீரொட்சைட்டு தண்ணீருக்குள், காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். இலை வெளியே இருக்கும் செடிக்கு அந்தத் தட்டுப்பாடு இல்லை. வாவியில் ஆற்றுவாழை பரவும் வேகத்தைப் பார்த்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. தொட்டிக்கு ஆற்றுவாழை வேண்டாம், ஆகாயத்தாமரை (பிஸ்டியா) நாலு போதும்.

இரண்டாம் முறை இப்படிச் செய்தேன். அடியில் ஓர் அங்குலம் பசளை படாத தோட்டத்து மண். வயல் சுரியை அள்ளிவர ஆசைதான், ஆனால் யூரியாவும் கிருமிநாசினியும் ஊறிய மண் வேண்டாம். அதன் மேல் ஒன்றரை அங்குலம் ஆற்று மணல். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்த வாளியில் வைத்துக் குளோரீன் போனபின் ஊற்றினேன். லைட் ஏழு மணித்தியாலம், யன்னல் வெயில் படாத மூலை. வெயில் பட்டால் செடிக்கு முன் பாசி முந்திக்கொள்ளும்.

நட்டது கிரிப்டோகோரைன் வென்டி. உலகம் முழுக்கத் தொட்டிகளில் வளர்த்தாலும் அதன் சொந்த ஊர் இலங்கைதான். பத்தாம் நாள் அதன் இலைகள் கூழாகிக் கரைந்தன. பிடுங்கி எறியக் கை போனது. நல்லவேளை, விட்டுவிட்டேன். நாற்றுமேடையில் காற்றில் வளர்ந்த இலை தண்ணீருக்குள் உதவாது, செடி அதைக் கைவிட்டு வேறு இலை விடும். அழுகியதை மட்டும் வெட்டி எடுத்தேன், வேரைத் தொடவில்லை. மூன்றாம் கிழமை நடுவில் விரல்நுனியளவு பழுப்பு இலை ஒன்று சுருண்டு நின்றது.

ஐந்தாம் கிழமை மூன்று கப்பி மீன் விட்டேன். அதற்கு இரண்டு கிழமை கழித்து இன்னும் மூன்று. ஃபில்டர் ஸ்பொஞ்சு அடைத்தபோது, அதில் குடியேறிய பற்றீரியாக்கள் போய்விடக் கூடாதென்று குழாயடிக்குக் கொண்டுபோகவில்லை. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு தரம் பிழிந்து திரும்ப வைத்தேன்.